சேர்ந்து நடந்தாலும் மனைவிக்கு மட்டும் ஏன் ஸ்டெப் கூடுகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் உங்கள் மனைவியும் தினமும் காலையில் 4 கி.மீ. சேர்ந்து நடக்கிறீர்கள், 50 நிமிடத்தில். உங்கள் உயரம் 172 செ.மீ., அவர் 155. வீட்டுக்கு வந்து பார்த்தால் உங்கள் கணக்கு 5,500 ஸ்டெப், அவருடையது 6,000. இதற்கிடையில் அவருக்கு வலது முட்டியில் லேசாக வலி வேறு. கூட நடக்கும் ஒருவர், "பொம்பளைங்களுக்கு இடுப்பு அகலம், நடையே வேற, முட்டி சீக்கிரம் தேஞ்சிடும்" என்று சொல்லிவிட்டார். அது உண்மையா, ஆண் பெண் நடையில் அப்படி என்னதான் வித்தியாசம், வேகத்துக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 500 ஸ்டெப்பில் பெரும்பகுதி கால் நீளத்தின் வேலை. ஆண் பெண் நடை வித்தியாசம் என்று நாம் நினைப்பதில் பாதிக்கு மேல் வேகமும் உயரமும் போட்ட வேஷம். அதைக் கழித்த பிறகும் கொஞ்சம் மிஞ்சும், அது இடுப்புப் பக்கம்தான் மிஞ்சும். ஆனால் அதற்கும் முட்டி தேய்வதற்கும் அந்த நண்பர் போட்ட முடிச்சு அவ்வளவு நேராக இல்லை.

நான் பிசியோதெரபி படித்துவிட்டு நடையை அளக்கும் கூடத்தில், கெய்ட் லேப் என்போமே, அங்கே பல வருடமாக இருக்கிறேன். பத்து மீட்டர் நீளத் தரை, நடுவில் கால் தரையை அழுத்தும் விசையை அளக்கும் இரண்டு தகடுகள், ஃபோர்ஸ் பிளேட், தரையோடு தரையாகப் பதித்திருக்கும், சுற்றிலும் கேமராக்கள். வருகிறவர்களின் இடுப்பு, தொடை, முட்டி, கணுக்கால் எல்லாவற்றிலும் பளபளக்கும் சின்ன உருண்டைகளை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிவிட்டு, "சாதாரணமா நடங்க" என்போம். அப்படிச் சொன்னதும் ஒருவரும் சாதாரணமாக நடக்கமாட்டார். பத்துத் தடவை நடந்து அலுத்த பிறகுதான் நிஜ நடை வரும்.

சேர்ந்த புதிதில் நான் பண்ணிய ஒரு தப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது. ஐம்பது தாண்டிய ஒரு அம்மா வந்திருந்தார். கிராஃபை எடுத்துப் பார்த்தால், கால் ஊன்றியதும் முட்டி மடங்க வேண்டிய அளவு மடங்கவில்லை, கணுக்கால் பின்னாலிருந்து தள்ளும் விசையும் குறைவு. பின்னணியில் சாம்பல் நிறப் பட்டையாக 'நார்மல்' வரம்பு இருக்கும், அதற்குக் கீழேதான் அவருடைய கோடு முழுக்க ஓடியது. நானும் "முட்டி விறைப்பு, கெண்டைத் தசை பலவீனம்" என்று எழுதிக்கொண்டு சீனியரிடம் போனேன். அவர் கிராஃபைப் பார்க்கவே இல்லை. "அம்மா என்ன ஸ்பீடு?" என்றார். பார்த்தேன், வினாடிக்கு 0.7 மீட்டர். அந்தச் சாம்பல் பட்டை எந்த வேகத்தில் எடுத்தது என்றார். 1.3. அவர் ஒன்றும் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, தன் காலிலேயே உருண்டைகளை ஒட்டச் சொல்லி, மெட்ரோனோம் வைத்துக்கொண்டு 0.7 வேகத்தில் நடந்து காட்டினார். ஆறடி ஆள், நாற்பது வயது, எந்தக் குறையும் கிடையாது. அவருடைய கோடு அந்த அம்மாவின் கோட்டின் மேலேயே போய்ப் படிந்தது. நான் நோய் என்று எழுதியது வெறும் மெதுவான நடை. (அந்த அம்மா ஏன் மெதுவாக நடந்தார் என்பது வேறு விசாரணை. அதற்கு விடை முட்டியில் இல்லை, பயத்தில் இருந்தது, முந்தின மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார்.)

அன்றிலிருந்து யாருடைய நடையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் என் முதல் கேள்வி என்ன வேகம் என்பதுதான்.

வேகம் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். நடை என்பது ஒரு தலைகீழ் ஊசல். ஊன்றிய கால் ஒரு கழி மாதிரி, அதன் உச்சியில் உடம்பு. பாதத்தைச் சுற்றி உடம்பு ஒரு வில்லாக மேலேறி மறுபக்கம் இறங்குகிறது. ஏறும்போது வேகம் உயரமாக மாறுகிறது, இறங்கும்போது உயரம் வேகமாகத் திரும்பி வருகிறது. இத்தாலியில் கவாஞா குழுவினர் 1960-களிலிருந்து இதை அளந்து காட்டினார்கள். சௌகரியமான வேகத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கலில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ஆற்றல் திரும்பக் கிடைக்கிறது, மிச்சத்தைத்தான் தசைகள் போட்டு ஈடுகட்ட வேண்டும். ரொம்ப மெதுவாகப் போனாலும் ரொம்ப வேகமாகப் போனாலும் இந்தப் பரிமாற்றம் கெட்டுப்போகும். அதனால்தான் ஒரு கிலோமீட்டர் நடக்க ஆகும் ஆற்றலைக் கிராஃபாகப் போட்டால் கிண்ணம் மாதிரி வரும், அதன் அடி கிட்டத்தட்ட வினாடிக்கு 1.2, 1.3 மீட்டரில் இருக்கும். ரால்ஸ்டன் என்பவர் 1958-லேயே சொன்னது இது. யாரும் சொல்லித்தராமல் நாம் எல்லோரும் அந்தக் கிண்ணத்தின் அடிப்பக்கமாகத்தான் நடந்துகொண்டிருக்கிறோம்.

சௌகரியமான வேகத்தில் ஒரு காலை எடுத்துக்கொண்டால் சுழற்சியில் 60 சதவீத நேரம் தரையில், 40 சதவீதம் காற்றில். இரண்டு காலும் சேர்ந்து தரையில் இருக்கும் நேரம் மொத்தம் ஒரு 20 சதவீதம். வேகத்தைக் கூட்டினால் முதலில் சுருங்குவது இந்த இரட்டை ஊன்றல்தான். அது பூஜ்யமாகி, இரண்டு காலுமே தரையில் இல்லாத ஒரு கணம் வந்துவிட்டால் அதற்குப் பெயர் ஓட்டம். மெதுவாக நடந்தால் இதற்கு நேர்மாறு, இரட்டை ஊன்றல் நீளும். வயதானவர்கள், இடறி விழப் பயப்படுகிறவர்கள், ஈரத் தரையில் நடக்கும் நாம், எல்லோரும் அதைத்தான் நீட்டுகிறோம்.

தரையின் எதிர்விசையும் மாறும். ஃபோர்ஸ் பிளேட்டில் அது ஒட்டகத்தின் இரட்டைத் திமில் மாதிரி வரும். கால் ஊன்றியதும் ஒரு திமில், பின்னங்காலால் தள்ளும்போது இன்னொன்று, நடுவில் பள்ளம். 60 கிலோ ஆள் நிதானமாக நடந்தால் திமில் 65 கிலோ பக்கம் இருக்கும், பள்ளமும் பெரிதாகத் தெரியாது. பஸ்ஸைப் பிடிக்கிற நடை நடந்தால் திமில் 78 கிலோவைத் தொடும், பள்ளம் 45-க்குக்கூட இறங்கும். அந்த நொடியில் உடம்பு வில்லின் உச்சியில் இருக்கிறது, கிட்டத்தட்ட மேலே தூக்கிப் போட்ட மாதிரி. முட்டியும் அப்படித்தான். குதிகால் பட்டதும் அதிர்ச்சியை வாங்க முட்டி கொஞ்சம் மடங்கும். சௌகரிய வேகத்தில் 15, 20 டிகிரி, மெதுவாக நடந்தால் அதில் பாதி, வேகம் கூடினால் இன்னும் கூடும். மடக்கம் கூடினால் அதைத் தாங்கிப் பிடிக்கிற முன்தொடைத் தசைக்கு வேலை கூடும், அந்தத் தசை இழுக்க இழுக்க முட்டிச் சில்லின் மேல் அழுத்தம் கூடும். உங்கள் மனைவியின் முட்டி விஷயத்துக்கு இது தேவைப்படும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைகளைப் பற்றி ஒரு சின்ன விளையாட்டு. வீட்டு நடையிலேயே செய்து பார்க்கலாம். ரொம்ப ரொம்ப மெதுவாக, கல்யாண மேடைக்குப் பெண்ணை அழைத்து வருவார்களே, அந்த வேகத்தில் நடந்து கைகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் இரண்டு கையும் சேர்ந்து லேசாக ஆடும். மெதுவாக வேகத்தைக் கூட்டுங்கள், வினாடிக்கு 0.8 மீட்டர் சுமாருக்கு ஓரிடத்தில் தானாகவே மாறிவிடும். இடது காலுக்கு வலது கை, வலது காலுக்கு இடது கை என்று ஆகிவிடும். இடுப்பும் தோளும் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்புவதும் அதை ஒட்டித்தான் தெளிவாகும். இதில் ஆண் பெண் பேதம் எதுவும் இல்லை, வேகம் மட்டும்தான்.

சரி, இப்போது ஆண் பெண்.

முதலில் சரித்திரத்தில் ஒரு கேலியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் மேரி பேட் மரே என்ற பெண்மணி நடையை நவீனமாக அளந்த முன்னோடிகளில் ஒருவர், எங்கள் துறையில் எல்லோரும் அறிந்த பெயர். அவர் குழு ஆண்களின் இயல்பான நடையைப் பற்றி வெளியிட்டது 1964-ல், பெண்களின் நடையைப் பற்றி 1970-ல். நடுவில் ஆறு வருடம், 'நார்மல்' என்றால் ஆண் என்றுதான் அர்த்தம். நான் அந்த அம்மாவை அளந்த சாம்பல் பட்டையும் அந்த வம்சாவளியில் வந்ததுதான்.

சராசரிகள் இப்படி. பெண்கள் சிறிய அடியாக, வேகமாக எடுத்து வைக்கிறார்கள், ஆண்கள் நீண்ட அடியாக, கொஞ்சம் மெதுவான தாளத்தில். நிமிடத்துக்கு ஆண்கள் 105, 110 ஸ்டெப் என்றால் பெண்கள் 115, 120. வேகம் என்று பார்த்தால் வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. போஹானன் 1997-ல் 20 வயதுக்காரர்களிலிருந்து 70 வயதுக்காரர்கள் வரை அளந்தார். சௌகரிய வேகத்தில் மிகக் குறைவு எழுபதுகளில் உள்ள பெண்களுக்கு, வினாடிக்கு 1.27 மீட்டர். மிக அதிகம் நாற்பதுகளில் உள்ள ஆண்களுக்கு, 1.46. இரண்டு கோடிகளுக்கும் நடுவே இவ்வளவுதான் இடைவெளி. ஆனால் "முடிந்தவரை வேகமாக நடங்க" என்று சொன்னபோது எழுபதுகளின் பெண்கள் 1.75, இருபதுகளின் ஆண்கள் 2.53. சௌகரியத்தில் ஒட்டியிருந்த கோடுகள் உச்ச வேகத்தில் நன்றாகவே பிரிந்தன. உச்ச வேகத்தில் தசை பலம் பேசுகிறது, சௌகரிய வேகத்தில் அந்தக் கிண்ணத்தின் அடிப்பாகம் பேசுகிறது.

மூட்டுகளுக்குள் போனால், கெரிகன் குழு 1998-ல் சுமார் நூறு இளம் ஆண் பெண்களை ஒப்பிட்டார்கள். பெண்களுக்கு இடுப்பு மூட்டு கூடுதலாக மடங்கியது, கால் ஊன்றுவதற்குச் சற்று முன் முட்டி முழுதாக நீளாமல் லேசாக மடங்கியே இருந்தது. அதே குழு 2002-ல் இடுப்பெலும்பின் பக்கவாட்டுச் சாய்வை அளந்தது. ஒரு காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு கொஞ்சம் கீழே தொங்குமே, அந்தச் சாய்வு பெண்களுக்கு ஓரிரண்டு டிகிரி கூடுதல், உடம்பின் மொத்த ஏற்ற இறக்கமோ குறைவு. வேறு குழுக்களும் கிட்டத்தட்ட இதையேதான் கண்டார்கள். ஊன்றிய தொடை பெண்களுக்கு நடுக்கோட்டை நோக்கிக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிறது, கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்புகிறது.

மனிதக் கண்ணுக்கு இந்த ஓரிரண்டு டிகிரி போதும் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். 1970-களில் யோஹான்சன் என்ற ஸ்வீடன்காரர் ஆட்களின் மூட்டுகளில் சின்ன விளக்குகளைப் பொருத்தி, இருட்டில் நடக்கவிட்டுப் படம் எடுத்தார். வெறும் புள்ளிகள்தான் தெரியும், ஆனால் அசைந்ததும் மனிதன் நடக்கிறான் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். கொஸ்லோவ்ஸ்கியும் கட்டிங்கும் 1977-ல் அதே மாதிரிப் புள்ளிகளைக் காட்டி ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். காசைச் சுண்டிவிட்டுச் சொல்வதைவிட நன்றாகவே சொன்னார்கள், ஆனால் தவறுகளும் நிறைய. ஆண்களுக்குத் தோள் கூட ஆடும், பெண்களுக்கு இடுப்பு கூட ஆடும், நம் கண் அந்த விகிதத்தைப் பிடித்துக்கொள்கிறது. தெருமுனையில் வரும்போதே நடையை வைத்து இன்னார் என்று கண்டுபிடிக்கிறோமே, அதே கண்தான்.

இங்கே ஒரு உள்வீட்டு ரகசியம். வித்தியாசம் மிஞ்சுவது இடுப்பில் என்றேன். அளப்பதற்கு மிக மோசமான இடமும் இடுப்புதான். உருண்டையை எலும்பில் ஒட்ட முடியாது, தோலில்தான் ஒட்ட முடியும். தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் கொழுப்பு இருந்தால் உருண்டை நழுவும். வேகமாக நடந்தால் இன்னும் நழுவும். எங்கள் லேபில் வயதான பெண்களிடம் ஷார்ட்ஸ் போடச் சொன்னால் பாதிப் பேர் மாட்டேன் என்பார்கள், அதுவும் நியாயம்தான். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடப்பார்கள், உருண்டை துணியின் மேல் உட்கார்ந்து துணியோடு ஆடும். ஆகவே யாராவது இடுப்பில் ஒரு டிகிரி வித்தியாசம் என்று அடித்துச் சொன்னால் நான் முதலில் அந்த உருண்டையைத்தான் சந்தேகிப்பேன். பல குழுக்கள் பல விதமாக அளந்தும் ஒரே திசையில் வருவதால்தான் பக்கவாட்டுச் சாய்வை நம்புகிறேன்.

இப்போது உங்கள் இருவரின் கணக்குக்கு வரலாம்.

கப்பல் கட்டும் துறையில் ஃப்ரூட் என்றொரு ஆங்கிலேயர் இருந்தார், 19-ஆம் நூற்றாண்டுக்காரர். சின்ன மாதிரிக் கப்பலை வைத்துப் பெரிய கப்பலைக் கணிக்க ஒரு எண்ணைப் பயன்படுத்தினார். விலங்கியலாளர் மெக்நீல் அலெக்சாண்டர் அதையே கால்களுக்குக் கொண்டுவந்தார். வேகத்தின் வர்க்கத்தை எடுத்து, புவியீர்ப்பையும் கால் நீளத்தையும் பெருக்கி அதனால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த எண் சமமாக இருந்தால் குட்டைக் காலும் நெட்டைக் காலும் ஒரே மாதிரி நடக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். எண் 0.5-ஐத் தொடும்போது மனிதர்கள் நடையை விட்டு ஓட்டத்துக்குத் தாவுகிறார்கள்.

கால் நீளம் உயரத்தில் பாதிக்குச் சற்று மேல். உங்களுக்கு 91 செ.மீ., உங்கள் மனைவிக்கு 82 என்று வைத்துக்கொள்வோம். 50 நிமிடத்தில் 4 கி.மீ. என்றால் வினாடிக்கு 1.33 மீட்டர். அதில் உங்கள் எண் 0.20, அவருடையது 0.22. பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை அல்லவா? திருப்பிப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 1.33-ல் நடக்கும் அதே சிரமத்துக்கு அவர் 1.26-ல் நடந்தால் போதும். அதாவது அதே 50 நிமிடத்தில் அவருக்கு நியாயமான தூரம் 3.8 கி.மீ. தினமும் கடைசி 200 மீட்டரை அவர் உங்கள் காலுக்காக நடக்கிறார். இதில் பெண் என்பதற்கு ஒரு பங்கும் இல்லை. 155 செ.மீ. உயரமுள்ள ஆண் நண்பரைக் கூட்டிப் போனாலும் இதே கதைதான்.

ஸ்டெப் கணக்கும் அதேதான். உங்கள் அடி 73 செ.மீ., அவருடையது 67. விகிதம் போட்டால் அவரைவிட நீங்கள் 9 சதவீதம் நீளமாக வைக்கிறீர்கள். உங்கள் கால் 11 சதவீதம் நீளம், ஆனால் ஒரே வேகத்தில் நடக்கும்போது அடி அதே விகிதத்தில் முழுதாக நீளாது, கால் நீளத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் சுமார் 8 சதவீதம் வர வேண்டும். மிச்சம் இருப்பது ஒரு சதவீதம். அந்த ஒன்றுக்குப் பெண்கள் கொஞ்சம் துரிதத் தாளத்தை விரும்புகிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம், அல்லது அன்றைக்குப் போட்ட செருப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். ஸ்டெப்பைத் தூரமாக மாற்ற இணையத்தில் சுற்றும் ஒரு எளிய சூத்திரம் உண்டு, ஆண்களுக்கு உயரத்தை 0.415-ஆல் பெருக்கு, பெண்களுக்கு 0.413-ஆல் என்று. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண் பெண் என்று தனித்தனியாக எழுதுவதற்கான மரியாதைக்குத்தான் இரண்டு எண், மற்றபடி ஒரே எண்.

ஆகவே ஆண் பெண் நடையை ஒப்பிடுகிற எந்தச் செய்தியைப் படித்தாலும் அவரவர் இஷ்ட வேகத்தில் நடக்கவிட்டார்களா, ஒரே வேகத்தில் நடக்கவிட்டார்களா, உயரத்துக்குத் தக்கபடி வேகத்தைச் சரிக்கட்டினார்களா என்று தேடுங்கள். முதல் வகையில் பால், உயரம், வேகம் மூன்றும் குழம்பிக் கிடக்கும். இரண்டாவது வகை பார்க்க நியாயமாகத் தெரியும், ஆனால் உங்கள் மனைவிக்கு நேர்வதுதான் அங்கும் நேரும், குட்டையானவர் எப்போதும் தன் அளவில் கூடுதல் வேகத்தில் ஓட்டப்படுகிறார், அப்புறம் அவர் முட்டி கூட மடங்குகிறது என்று கட்டுரை எழுதுவார்கள்.

அகல இடுப்பு விஷயம். பிரசவத்துக்காகப் பெண்ணின் இடுப்பு அகன்றது, அதனால் அவள் நடை வீண் செலவாகிறது என்று மானுடவியலில் ரொம்ப காலமாக ஒரு கதை இருந்தது. காகிதத்தில் நெம்புகோல் கணக்குப் போட்டால் அது சரியாகத்தான் வரும். இடுப்பு மூட்டுக்கும் உடம்பின் நடுவுக்கும் தூரம் கூடினால், ஒரு காலில் நிற்கும்போது மறுபக்கம் விழாமல் பிடிக்கிற பக்கவாட்டுப் பிட்டத் தசை கூடுதலாக இழுக்க வேண்டும். 2015-ல் வாரனர், பான்ட்சர், லீபர்மன் முதலியோர் ஆட்களை ஸ்கேன் எடுத்து, நடக்கவிட்டு, ஓடவிட்டு, ஆக்சிஜன் செலவையும் அளந்தார்கள். இடுப்பு அகலத்துக்கும் செலவுக்கும் சம்பந்தமே வரவில்லை. பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதல் செலவும் ஆகவில்லை. எலும்பின் அகலத்தை வைத்து மட்டும் தசையின் வேலையைக் கணக்கிட முடியாது என்பதுதான் விஷயம், நடக்கும்போது விசை நிற்கும் நிலையில் இருக்கிற மாதிரி செங்குத்தாக இருப்பதில்லை.

முட்டி சீக்கிரம் தேயும் என்பதற்கு அடுத்ததாகச் சொல்லப்படுவது ஒரு கோணம், இடுப்பெலும்பின் முன்பக்கத்திலிருந்து முட்டிச்சில்லுக்கு ஒரு கோடும் அங்கிருந்து கீழ்க்கால் எலும்புக்கு ஒரு கோடும் போட்டு நடுவே எடுப்பது. பெண்களுக்கு அது கூடுதல் என்று நாங்களும் படித்தோம், பரீட்சையில் எழுதினோம். பிறகு அளந்து பார்த்தவர்கள் சராசரி வித்தியாசம் சுமார் 2 டிகிரி என்றும், அதுவும் உயர வித்தியாசத்தால் வருவது என்றும் காட்டினார்கள். குட்டையான ஆணுக்கும் கூடுதலாகத்தான் இருக்கும். மறுபடியும் உயரம்தான் பெண் வேஷம் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது.

ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் முட்டித் தேய்மானம் பெண்களுக்கே அதிகம் என்பது உண்மை. அதை மறைக்கமாட்டேன். எடை, தொடைத் தசையின் பலம், மாதவிடாய் நிற்பது, பழைய காயம், குந்தி உட்கார்ந்து செய்யும் வேலை என்று பல கைகள் அதில் உண்டு, இடுப்பு அகலத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சோம்பேறித்தனம். செருப்புக்கும் பங்கு உண்டு. கெரிகன் குழு 1998-ல் 20 பெண்களை ஹை ஹீல்ஸ் போட்டும் வெறுங்காலிலும் நடக்கவிட்டார்கள். ஹீல்ஸில் முட்டியின் உள்பக்க அறைக்கு விழும் சுமை சுமார் 23 சதவீதம் கூடியது. இடுப்பைக் கழற்றி மாற்ற முடியாது, ஹீல்ஸை முடியும்.

தலையில் சுமை வைத்து நடப்பதையும் சொல்லாமல் விட மனமில்லை. கென்யாவில் லுவோ, கிகுயு இனப் பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் வைத்தும் மூச்சுச் செலவு கூடாமல் நடந்தார்கள் என்று 1986-ல் வந்தது, 1995-ல் அவர்களுடைய ஊசல் பரிமாற்றம் சுமையோடு இன்னும் மேம்படுகிறது என்று காட்டினார்கள். பின்னால் வேறு இடங்களில் அளந்தபோது எல்லோருக்கும் அப்படி வரவில்லை, ஆளுக்கு ஆள் மாறியது. விறகுக் கட்டும் புல்லுக்கட்டும் தலையில் வைத்து வரப்பில் போகும் நம்மூர்ப் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை இருக்காது. உடம்பு தூக்கிப் பழகியதற்கு ஏற்ப நடையும் மாறும். அதைப் பால் வித்தியாசம் என்று எழுதிவைப்பது சுலபம், ஏனென்றால் சுமப்பவர்கள் பெண்களாகவே இருந்துவிடுகிறார்கள்.

உங்கள் வீட்டு முட்டிக்கு வருகிறேன். பார்க்காமல் வைத்தியம் சொல்லமாட்டேன். வீக்கம் இருந்தாலோ, முட்டி பூட்டிக்கொண்டாலோ, ராத்திரி வலித்து எழுப்பினாலோ நேரில் போய்க் காட்டுங்கள். மற்றபடி, படி இறங்கும்போதும் நீங்கள் எட்டிப் போடும்போதும் மட்டும் வலித்தால், அது முட்டிச்சில்லுப் பக்கத்து அழுத்தமாக இருக்க வாய்ப்பு உண்டு, அங்கே வேகத்தைக் கொஞ்சம் குறைப்பது உதவும். முன்பே சொன்னேன், வேகம் கூடினால் முட்டி கூட மடங்கும், முன்தொடை கூட இழுக்கும். அதற்காக ஊர்ந்து நடக்கச் சொல்லாதீர்கள். மெதுவாகப் போனால் ஒவ்வொரு அடியிலும் உச்ச சுமை குறையும், ஆனால் கால் தரையில் கிடக்கும் நேரம் நீளும், அடிகளின் எண்ணிக்கையும் கூடும். ஆகவே மெதுவாக நடந்தால் முட்டிக்கு நல்லது என்று மொத்தமாக முடிவு கட்ட முடியாது. பக்கவாட்டுப் பிட்டத் தசைக்கும் முன்தொடைக்கும் பயிற்சி கொடுப்பது நடையைக் குறைப்பதைவிட நல்ல முதலீடு.

சியாட்டிலில் 2013-ல் ஒரு ஆய்வு வந்தது, நண்பர்களையும் காதலர்களையும் ஜோடி ஜோடியாக நடக்கவிட்டுப் பார்த்தார்கள். காதலியோடு நடந்தபோது ஆண்கள் தங்கள் வேகத்தை 7 சதவீதம் போலக் குறைத்துக்கொண்டார்கள். உங்களுக்குத் தேவையானது 5 சதவீதம்தான்.

ஒரு வாரம் அவர் முன்னால் நடக்கட்டும், நீங்கள் அவர் வேகத்துக்குப் போங்கள், கடிகாரத்தைப் பார்க்காமல். 4 கி.மீ. அதேதான். வேகம் 1.26-க்கு இறங்கினால் அடி நீளமும் கொஞ்சம் சுருங்கும். உங்கள் கணக்கு 5,650 பக்கம் போகும், அவருடையது 6,150 பக்கம். நடை முடிய இரண்டரை, மூன்று நிமிடம் கூடுதலாகும். முட்டி வலி குறையலாம், குறையாமலும் போகலாம். நடுவில் இருக்கும் அந்த 500 மட்டும் அப்படியேதான் இருக்கும்.